ஜாகா கேட்ட புனிதா

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் தோசைக்குக் காத்திருந்தபோது பக்கத்து மேசையில் அஸ்வின் என்பவன் புலம்பிக்கொண்டிருந்தான். பாதிதான் காதில் விழுந்தது, மீதி என் கைச்சரக்கு.

அஸ்வின் தஞ்சாவூர்க்காரன். இணைய வியூக விளையாட்டு ஒன்றை நடத்தும் சின்ன நிறுவனத்தில் வேலை. அதில் ஊர் கட்டலாம், படை திரட்டலாம், அடுத்தவர் ஊரை இடிக்கலாம். விளையாடுவது இலவசம். ஆனால் சந்தா கட்டுகிறவர்களால்தான் சர்வர் ஓடுகிறது. அதனால் மாற்றம் கேட்கவும் ஓட்டுப் போடவும் அவர்களுக்கு மட்டுமே உரிமை.

2

'கிள்ளானில் பொழுது புலர்ந்தது. கோட்டை மதிலில் புனிதா—'

(வேண்டாம். புனிதா ஷா ஆலம் தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். கோட்டை, மதில் எல்லாம் மதியச் சாப்பாட்டு வேளையில், கைப்பேசியில்.)

புனிதா சந்தா கட்டுபவள். அவள் கூட்டாளி, சுங்கை பூலோ ஹலீமா, கட்டாதவள். ஆறு வருஷமாகச் சேர்ந்து விளையாடுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை. ஹலீமா ஊரைக் கட்டக் கட்ட, யாராவது பெரிய சந்தாக்காரர் வந்து இடித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் ஹலீமா எழுதினாள்: "போதும்லா அக்கா. கேமை அழிச்சிடறேன்."

புனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. உடனே நிறுவனத்துக்கு எழுதினாள்: "கட்டாதவங்களுக்கும் ஜாகா வேணும், பாஸ்."

3

அடிக்குறிப்பாக வரவேண்டியது, மேலே ஏறிவிட்டது: இங்கே, மலாயில், ஜாகா என்றால் காவல். தஞ்சாவூரில் ஜாகை என்றால் தங்குமிடம். எழுத்துப்பிழை போலிருக்கிறது என்று நினைத்த அஸ்வின், மூன்று வாரம் மெனக்கெட்டு, சந்தாக்காரர் ஊர்களில் சத்திரம் கட்டினான். ஊர் இழந்தவர்கள் ஆள், நெல்லோடு வந்து தங்கலாம். சத்திரத்தை யாரும் இடிக்க முடியாது.

"நான் கேட்டது காவல்காரன். நீங்க லாட்ஜ் கட்டி வச்சிருக்கீங்க," என்று புனிதா போன் போட்டுத் திட்டினாள்.

அதற்குள் ஹலீமா குடிவந்து, சத்திர வாசலில் பாசார் (சந்தைதான்) போட்டுவிட்டாள். புனிதாவின் ஊர் கலகலப்பானது. புனிதா சந்தோஷமாக இருந்தாள். நானும்தான்.

4

நிறுவனம் ஓட்டெடுப்பு வைத்தது. சத்திரமா, காவலா? ஒன்றுதான் நிலைக்கும். காவல் வென்றால் ஹலீமா தன் ஊரைத் திரும்பக் கட்டலாம். சத்திரம் வென்றால் புனிதாவோடே இருப்பாள், விருந்தாளியாக.

கடைசி நாளில் இரண்டும் சமம். புனிதாவின் ஓட்டு மட்டும் பாக்கி. (சமம் என்பது என் வசதிக்காக.)

தோழியைப் பிடித்துவைத்துக்கொள்ளச் சத்திரத்துக்கே போடுவாள் என்று எழுதினேன். அவளைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

"உனக்கு எது வேணும், ஹலீமா?"

"சந்தா கட்டறது நீங்கக்கா. நான் என்னத்தைச் சொல்றது."

புனிதா தன் பாஸ்வேர்டை அனுப்பினாள். "உள்ள போய் நீயே அமுக்கு. நான் பார்க்கமாட்டேன்."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.

5

இரண்டு முடிவுகளும் என்னிடம் இருக்கின்றன. தருவதாக இல்லை. புனிதாவே பார்க்காததை நான் எட்டிப் பார்ப்பது நியாயமில்லை.

ஹலீமாவின் இடத்தில் நீங்கள் எதை அமுக்குவீர்களோ, அதுதான் முடிவு. இதைக் காசு கொடுத்துப் படிக்கிறீர்களா, இரவல் வாங்கிப் படிக்கிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.