ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும்

"விரலை எடு. துடை. மறுபடி வை," என்றார் அவர்.

அவள் கட்டைவிரலைத் துவாலையில் துடைத்துவிட்டுப் புது ஃபோனின் மேல் மறுபடியும் வைத்தாள். ஃபோன் ஒரு உதறு உதறிவிட்டு, ஆள் தெரியவில்லை என்றது. இது எட்டாவது தடவை.

"இருபத்தாறு வருஷம் ஓட்டல் படுக்கை விரிப்பையெல்லாம் இஸ்திரி போட்ட கை. ரேகை எங்க மிச்சம் இருக்கும்?" என்றாள். "விடுங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது."

"மூச்சு அது பாட்டுக்கு வாங்கட்டும். ரேகை இல்லாட்டி கோடு. இந்தா, ஒன்பது புள்ளி இருக்கு பாரு. விரிப்பை எப்படி மடிப்ப? கையால காட்டு."

அவள் காற்றில் காட்டினாள். மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலே.

"அதேதான். அதையே இதுல போடு."

போட்டாள். ஃபோன் சமர்த்தாகத் திறந்துகொண்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். முப்பத்தெட்டு வருஷம் அடுக்குமாடிகளின் லிஃப்டுகளை எண்ணெய் போட்டும் திட்டியும் ஓட வைத்தவர். இப்போது இதயம் தளர்ந்து, கால் இரண்டும் நீர் கோத்து வீங்கி, மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் வராந்தாவில் மகளிடம் சொன்னார். மகள் அம்மாவிடம் சொன்னாள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. லிஃப்ட் போடும் சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் போகப்போகிறது என்று சொல்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? "மோட்டார் தேஞ்சு போச்சும்மா" என்று அவரே நர்ஸிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்கு மறுநாள் மகளை அனுப்பி இந்த ஃபோனை வாங்கிவரச் சொன்னார். அம்மாவுக்கு.

அந்த வீட்டில் அதுவரை ஒரே ஃபோன்தான், அவருடையது. மகள் எத்தனையோ தடவை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும், "எனக்கெதுக்கு, கண்ணும் தெரியல, காதும் மந்தம்" என்று அவள் தட்டிக்கழித்தே வந்தாள். கண்ணுக்கும் காதுக்கும் ஒரு கேடும் இல்லை. மகன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம். தன்னிடம் ஃபோன் இல்லாதவரைக்கும், அப்பா எடுத்துவிடுவாரோ என்று பயந்துதான் பிள்ளை கூப்பிடாமல் இருக்கிறான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தனக்கென்று ஒன்று இருந்து, அதுவும் அடிக்காமலே கிடந்தால்? அந்தப் பயத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புது லிஃப்டை ஒப்படைக்கும் முன் அவர் விளக்கு, கதவு, சத்தம், மணி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். ஃபோனையும் அப்படியே பிடித்துக்கொண்டார். முதலில் எழுத்தைப் பெரிதாக்கினார். ஒரு திரைக்கு நாலைந்து வார்த்தைதான் நின்றது.

"எதிர்க் கட்டில்காரர் கூடப் படிச்சுடுவார்," என்றாள்.

"படிக்கட்டுமே. நீ யாருக்கு ரகசியம் எழுதப்போற?"

ஃபோனைச் சாய்த்தால் திரையும் கூடவே சாய்ந்துகொள்வதை நிறுத்தினார். கடைக்காரனும் விளம்பரக்காரனும் நேரங்கெட்ட நேரத்தில் 'டிங்' என்று உள்ளே வருவதை ஒவ்வொன்றாக அடைத்தார். அவளுடைய ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, மகளின் எண் எல்லாவற்றையும், பூட்டைத் திறக்காமலே யாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைத்தார். நடுவில் ஃபோனை மார்பில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறினார். பிறகு மறுபடி எடுத்தார்.

"அடுத்து கதவு," என்றார்.

"ஃபோனுக்கு ஏதுங்க கதவு?"

"இந்த வெளிச்சம் அரை நிமிஷத்துல அணைஞ்சுடுது பாரு, அதைச் சொல்றேன். லிஃப்ட் கதவும் அப்படித்தான். ஓடி வர்றவனுக்குச் சரியா இருக்கும். மெதுவா நடக்கறவங்க வர்றதுக்குள்ள மூடிக்கும். பத்து நிமிஷம் வெச்சிருக்கேன். நீ நிதானமா வா."

"சார்ஜ் போயிடாதா?"

"போனா போடு. அதுக்காக மூஞ்சியில கதவைச் சாத்த முடியுமா?"

கடைசியாக மணி. ஃபோனில் இருந்த இசையையெல்லாம் ஒலிக்கவிட்டு, "பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கு" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். வெறும் மணிச்சத்தம் ஒன்று அகப்பட்டதும்தான் முகம் தெளிந்தது.

"இது 'தொந்தரவு வேண்டாம்'. இதைத் தொட்டா யார் கூப்பிட்டாலும் அடிக்காது. தூங்கும்போது போட்டுக்கோ."

"அடிக்காம இருக்கறதுக்கு எதுக்குங்க ஃபோன்?"

"ஒரே ஒரு நம்பரை மட்டும் விட்டு வெக்கறேன்." ஃபோனை அவளுக்குத் தெரியாதபடி சாய்த்துக்கொண்டு வெகுநேரம் எதையோ தட்டினார். "அது கூப்பிட்டா, நீ என்ன மூடி வெச்சிருந்தாலும் அடிக்கும். கரண்ட் போனாலும் லிஃப்ட்ல அவசர மணி அடிக்கணும் இல்லையா? அது மாதிரி."

"யார் நம்பர்? மகதானே?"

"அதை இன்னும் டெஸ்ட் பண்ணல," என்றார். "அடிச்சுப் பாக்காம நான் எதையும் ஒப்படைக்க மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே."

தெரியாமல் என்ன? அந்த அவசர மணியில்தானே குடும்பமே இரண்டானது. மகனும் அதே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். ஓர் அடுக்குமாடிக்கு மாதச் சோதனைக்குப் போனவன், அவசர மணியை அழுத்திப் பார்க்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். மறுவாரம் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஆஸ்துமாக்கார அம்மா ஒருவர். மணியை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார், அடிக்கவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி மூடி மறைக்கப் பார்த்தபோது, மகன் பெயரைப் போட்டு அவரே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மகனுடைய உரிமம் போயிற்று. "எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்று கத்திவிட்டுப் போனவன் போனவன்தான். அவரும் அன்றைக்கே, அவள் கண் முன்னாலேயே, தன் ஃபோனிலிருந்து அவன் எண்ணை அழித்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. நடுவில் கிடந்து அரைபட்டவள் அவள்.

"முதல்ல சத்தம் பாத்துடுவோம்," என்றார். "அந்த வராந்தா கோடிக்குப் போ. என் ஃபோன்லேருந்து கூப்பிடறேன்."

போனாள். ஜன்னல் பக்கம் போய் நின்றதும் கையில் மணி அடித்தது. கடந்துபோன நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்குதா?"

"ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குது."

"என்ன தெரியுது ஜன்னல்ல?"

"எதிர்ல கட்டடம் கட்டறாங்க. உச்சியில ஒருத்தன் தொப்பியோட உக்காந்து டீ குடிக்கறான்."

"எத்தனை மாடி?"

எண்ணினாள். "பதினொண்ணு."

"ரெண்டு லிஃப்டாவது வேணும்," என்றார். பிறகு, "உன் குரல் ஃபோன்ல சின்னப் பொண்ணு குரல் மாதிரி இருக்கு."

"இந்த வயசுல உங்களுக்குப் பேச்சைப் பாரு," என்றாள். ஆனால் ஃபோனை வைக்க மனசு வரவில்லை. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவர்கள் ஃபோனில் பேசிக்கொண்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்; பேசியதெல்லாம் வரும்போது இதை வாங்கிட்டு வாங்க, அதை வாங்கிட்டு வாங்க என்றுதான். அந்தத் தொப்பிக்காரன் டீயைக் குடித்து முடித்து எழுந்து போகிறவரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவர் ஃபோனைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு நர்ஸ் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மறுநாள் அவரை நகர மண்டபம் ஒன்றில் வைத்திருந்தார்கள். நீண்ட அறை, வரிசையாக நாற்காலிகள், முன்னால் பெட்டி. பின் வரிசையில் கம்பெனி ஆட்கள் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று மண்டபக் காப்பாளர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மகள் நேற்றே தம்பிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. ஏழு வருஷமாக அவள் அனுப்பியதற்கெல்லாம் அதே கதைதான். அம்மா கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. ஆனால் மகள் ஃபோனை எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் கண் அங்கே போய்ப் போய் வந்தது. மூன்று மணிக்கு அந்தக் கண்ணும் ஓய்ந்துவிட்டது. பிள்ளை வரப்போவதில்லை. அப்பாவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட.

"எல்லாரும் ஃபோனை அடிக்காம வெச்சுக்கோங்க," என்று மகள் எழுந்து சொன்னாள். அம்மாவின் பையிலிருந்த புது ஃபோனையும் எடுத்து, 'தொந்தரவு வேண்டாம்' போட்டுத் திரும்பப் பையில் வைத்தாள். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் மணி அடித்தது.

சாதாரண அடியா அது? காது மந்தம் என்று பொய் சொன்னவளுக்காக உச்சத்தில் வைத்த சத்தம். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தலைகள் திரும்பின. மகள் பதறிப்போய்ப் பையைத் துழாவினாள்.

"நான் இப்பதானேம்மா போட்டேன்! இது எப்படி அடிக்..."

ஃபோனைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். திரை முழுக்க, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவரும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது.

நம்மாளு.

மகன் பிறந்த நாளிலிருந்து அவர் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். ஏழு வருஷமாக அந்தச் சொல் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. அவள் கண் முன்னால் அழித்த எண்ணை மனுஷன் மனப்பாடமாகவே வைத்திருந்திருக்கிறார். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா." பின்னால் ரயில் ஓடும் சத்தம்.

"சொல்லுடா."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நேத்து காலையில அப்பா இந்த நம்பர்லேருந்து மெசேஜ் அனுப்பியிருந்தாரும்மா. அப்பவே கூப்பிட்டிருக்கணும். கையே வரல. சாயந்தரம் கூப்பிடலாம்னு இருந்தேன்... அதுக்குள்ள அக்கா மெசேஜ் வந்துடுச்சு. உடனே கிளம்பிட்டேன்மா. என்ன பதில் எழுதறதுன்னுதான் தெரியல. நான் வந்து சேர ஆறு மணி ஆயிடும். நாலுக்கே எடுத்துடுவீங்கன்னு அக்கா போட்டிருந்தா. எனக்காகன்னு நிறுத்த வேணாம்மா, நான் சும்மா..."

"நீ நிதானமா வா," என்றாள்.

பேசி முடித்ததும் நேரே மண்டபக் காப்பாளரிடம் போனாள். யாரிடமும் எதையும் அழுத்திக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "ஆறரை வரைக்கும் கதவைத் திறந்து வைங்க," என்றாள். "ஒருத்தர் வரணும்."

"நாலு மணிக்குன்னு சொல்லியிருந்தேனேம்மா..."

"சொன்னீங்க. ஆறரை வரைக்கும் திறந்து வைங்க."

பின் வரிசையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். காப்பாளர் அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னிக்கு வேற யாரும் இல்லதான்," என்று முனகிவிட்டுச் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி, ஃபோனின் மேல் விரலால் விரிப்பை மடித்தாள். மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலே. நேற்று அவர் அனுப்பிய செய்தியை மகள் எடுத்துக் காட்டினாள்.

*இது உன் அம்மா நம்பர்.*

பெரிய எழுத்து, அதற்கு மேல் திரையில் இடமில்லை. அவள் விரலால் மேலே தள்ளினாள்.

*எந்த நேரமும் அடிக்கும்.*

அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

*அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.*

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஃபோனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து பெட்டியருகே போனாள். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை விரலால் நீவிச் சரிசெய்தாள். பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அடிச்சுதுங்க."

கூட்டாளி விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பேச ஆரம்பித்தார். வாசல் கதவை அகலத் திறந்து, அது மூடாமலிருக்க ஒரு மெக்கானிக் தன் கருவிப் பெட்டியை அதனடியில் நகர்த்தி வைத்தான். நாற்காலியில் கிடந்த ஃபோன் இன்னும் அணையவில்லை.