பட்டு அரைஞாண்

மஹாலட்சுமிக்கு முதல் நாளே ஒன்றும் பிடிபடவில்லை. புண் இருப்பது கணவர் உமாபதியின் வலது பாதத்தில். இந்த ஆஸ்பத்திரிக்காரர்களோ ஆளை முழுசாகக் கண்ணாடிக் குழாய்க்குள் படுக்கவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே சுத்தமான ஆக்சிஜனை அழுத்தி அடைப்பார்களாம். அது ரத்தத்தில் கலந்து, சர்க்கரையால் ஆறாமல் கிடக்கும் புண் வரைக்கும் போகுமாம். முப்பது நாள். அதற்குள் சதை பிடிக்காவிட்டால் பாதத்தையே எடுத்துவிடுவார்கள். தறியில் மிதி மிதிக்கிற கால் அது.

துணி விஷயம் அதைவிடக் குழப்பம். நல்ல காரியமென்று பட்டு வேட்டி கட்டி அழைத்துப் போயிருந்தாள். பருத்தியில் தீட்டு ஒட்டும், பட்டில் ஒட்டாது என்று வளர்ந்தவள். டெக்னீஷியன் தினேஷோ, "பட்டு கூடவே கூடாதுமா, காட்டன் மட்டும்தான்" என்று தலைகீழாகச் சொன்னான். "மேல வேற எதுனா இருக்குதா?" என்றதற்கு இல்லையென்று தலையாட்டினாள். உமாபதியின் இடுப்பில் அவளே பட்டு நூலை முறுக்கி, கோயிலில் வைத்து எடுத்துவந்து கட்டிய அரைஞாண் இருந்தது. கால் ஆறும்வரை அவிழ்ப்பதில்லை என்று வேண்டுதல். சாமி கயிறு துணியில் சேராது என்பது அவள் கணக்கு.

பத்தே நாளில் புண்ணின் ஓரம் சிவந்து சதை பிடித்தது. கயிறா, காற்றா என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

பதினோராம் நாள், உமாபதி உள்ளே போனபிறகு கேட்டேவிட்டாள். "பட்டு மேல ஒங்களுக்கு இன்னாப்பா கோவம்?"

"கோவம்லாம் இல்லமா. பட்டு உரசினா பொறி வரும். உள்ள இருக்கிற ஆக்சிஜனுக்கு ஒரு பொறி போதும், ஆளையே எரிச்சிடும்."

அவளுக்கு ராட்டை ஞாபகம் வந்தது. பனிக்காலத்தில் பட்டு சுற்றும்போது படபடவென்று பொரியும், கை ரோமம் எழுந்து நிற்கும். அம்மன் வந்துவிட்டாள் என்று கும்பிட்டிருக்கிறாள், பைத்தியக்காரி.

"நிறுத்துப்பா! அவர் இடுப்புல பட்டுக் கயிறு இருக்குது!"

தினேஷ் முகம் வெளுத்தது. உடனே திறக்க முடியாதாம். அழுத்தத்தை மெல்லத்தான் இறக்கணுமாம். "சார், அசையாம படுங்க" என்று மைக்கில் கத்தினான். உமாபதி திருதிருவென்று விழித்தார். அவர் கை இடுப்பைச் சொறியப் போனது. மஹாலட்சுமி பதறிப்போய், வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டாள். பூசை நேரம் போலிருக்கிறது என்று அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். கதவு திறக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அவர் வெளியே வந்ததும் அவள் தினேஷிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாள்.

"கால் ஆறலையே மா, அதுக்குள்ள அறுக்கறியே! கயிறு போனா கால் இன்னா ஆவறது?" என்றார் உமாபதி.

"தெரியலைங்க," என்றாள். "கால் இருக்கணும்னா மொதல்ல நீங்க இருக்கணும்ல."

கயிற்றை நறுக்கினாள்.