மூன்றாம் முறை போகாத வீடுகள்

ஜன்னலை மூடு, காது வலிக்கிறது என்று காரில் போகும்போது சொன்னதுதான் ஜெரோம் ஹெகர்ட்டி தன் மனைவி நோரீனிடம் பேசிய கடைசிப் பேச்சு. அவள் மூடினாள். அன்று பிற்பகல், அயர்லாந்தில் மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங் விளையாட்டில் மாவட்ட அணியின் மேனேஜராகப் பதினோராவது ஆண்டில், இரண்டாம் பாதியின் பதினேழாவது நிமிடத்தில், மைதானத்தின் எல்லைக்கோட்டு ஓரத்தில் நின்றபடியே அவர் இறந்துபோனார். மீதமிருந்த பதினெட்டு நிமிடங்களுக்கும் அணியை அவரே நடத்தினார். உடலை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குரல் நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று நடுவர் தயங்கியபோது, "என்னத்தைப் பாக்குறீங்க, ஆடுங்கடா!" என்று அது கத்தியதால் ஆட்டம் தொடர்ந்தது. டாக்டர் குறித்த நேரத்தின்படி, செத்து ஒன்பது நிமிடம் கழித்து ஜெரோம் ஓர் ஆட்டக்காரனை வெளியே எடுத்து இன்னொருவனை உள்ளே அனுப்பினார். ஆள் மாற்றும் சீட்டு மேனேஜரின் சொல்படி வர வேண்டும் என்று மட்டுமே விதிப்புத்தகத்தில் இருந்தது, வேறொன்றும் இல்லை. நடுவர் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. புதன்கிழமை அடக்கம். இரண்டு வாரம் கழித்து நடந்த மறு ஆட்டத்துக்கும் குரல் நேரத்துக்கு வந்துவிட்டது, ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

எந்த ஊர் மைதானமானாலும் அணியின் பெஞ்சுக்கு இடப்புறம் ஐந்தடி தள்ளி அது நிற்கும். நடுவர் பந்தை எறிந்ததும் தொடங்கும், கடைசி விசிலோடு நிற்கும். பயிற்சிக்கு வராது. சமையலறைக்கும் வராது, காருக்கும் வராது. இதை நோரீன் முதல் குளிர்காலத்திலேயே உறுதிசெய்துகொண்டாள். இரண்டு இடங்களிலும் ரேடியோவை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எதிரணி மாவட்டம் ஒன்று டப்ளின் தலைமையகத்துக்குப் புகார் அனுப்பியது. எல்லைக்கோட்டருகே எத்தனை பேர் நிற்கலாம் என்று விதி இருக்கிறது, ஆள் இல்லாத இடத்தை எப்படி எண்ணுவது என்று அங்கிருந்து பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

நோரீன் மாவட்டக் குழுவின் செயலாளர். ஜெரோம் மேனேஜர் ஆவதற்கு முன்பிருந்தே செயலாளர். புதிய மேனேஜரைத் தேடுவதற்கு அந்த வருடக் கடைசியில் மூன்று பேரை நியமித்தார்கள்: குழுவின் தலைவரும் டிராக்டர் வியாபாரியுமான டோனல் கின்னர்க், கிளப்புகளின் சார்பில் பால் லாரி ஓட்டும் மைல்ஸ் டுவோகி, மூன்றாவதாக அவள். அந்த மாவட்டத்தில் மேனேஜர் வேலைக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பித்தவனை நாய்கூட மதிக்காது. குழுதான் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், வியாழக்கிழமைதான் போக வேண்டும். முதல் தடவை அந்த ஆள் மாடு இருக்கிறது என்பான். இரண்டாவது தடவை மனைவி சம்மதிக்கவில்லை என்பான். மூன்றாவது தடவை செயலாளர் மட்டும் தனியாகப் போவார். ஹர்லிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. தேநீர் குடித்து முடித்ததும் அந்த ஆள் தானாக எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை கூடவே நடந்து வந்தால், சம்மதம். தலைவர் எத்தனை தடவை போனாலும் கணக்கில் சேராது. இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ஏழு வருடங்களில் அவர்கள் பதினோரு வீடுகளுக்கு இரண்டு தடவை போனார்கள். மூன்றாவது தடவை ஒரு வீட்டுக்கும் நோரீன் போகவில்லை. புது ஆள் வந்து நின்றால் பழைய குரல் போய்விடும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, போகாது என்று சொல்லவும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது நிமிடம் அவளுக்குக் கணவர் இருந்தார். ஒரே ஒரு தடவைகூட அவள் பெயரை அவர் சொன்னதில்லை. உயிரோடு இருந்தபோதும் மைதானத்தில் சொன்னவர் இல்லை. "மேல பாருடா!" "அடிச்சிட்டு அப்புறம் யோசி!" "டொனகா, டொனகா, தூங்குறியாடா?" இவ்வளவுதான். இதைக் கேட்க அவள் மழையில் இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய், பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவாள். அங்கே பதினோரு வீடுகளில் பதினோரு ஆண்கள் வியாழக்கிழமைதோறும் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கார் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தார்கள். சிலர் இரண்டு வருடம்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்தினார்கள். கடைத்தெருவில் நோரீனைக் கண்டால் ரொட்டி வாங்காமலே வெளியேறினார்கள்.

குரலுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெரோம் இறந்த அன்று களத்தில் இருந்தவர்களின் பெயர்கள்தான். நடுத் தடுப்பில் ஆடிய உண்மையான டொனகா முழங்கால் போய், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் சாரம் கட்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் இடத்துக்கு வந்தவன் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான், அவனுக்குப் பின் வந்த கியனும் பழகிக்கொண்டான். கியனின் தாய் குழுவுக்கே நேரில் வந்து, "என் பையனுக்குக் கோயில்ல வெச்ச பேரு கியன். ஞாயித்துக்கெழம மட்டும் அவன் எப்படி டொனகா ஆவான்?" என்று கேட்டாள். டோனல் அவளுக்கு இரண்டு அனுமதிச்சீட்டு கொடுத்து அனுப்பினார். மற்ற மாவட்டங்கள் பந்தைக் கையால் தட்டித் தட்டிக் கிட்டத்திலேயே கடத்தி ஆடக் கற்றுக்கொண்டிருந்தன. குரல் நீள அடி அடிக்கச் சொன்னது. நீள அடி எதிரணியின் கையில் போய் விழுந்தது. நான்காம் வருடம் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஆறாம் வருடம் மூன்றாம் பிரிவு.

ஏழாம் வருடம் ஜனவரியில் மூவரும் வழக்கம்போலக் கூடினார்கள். அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்கள்.

"இன்னும் யாரு மிச்சம்?" என்றார் டோனல்.

"போப்பாண்டவர் மட்டுந்தான். அவருக்கு மாடு இல்ல, பொண்டாட்டியும் இல்ல. எப்படி மறுப்பாருன்னு பாக்கணும்" என்றார் மைல்ஸ்.

டோனல் சிரிக்கவில்லை. "நோரீன், நான் ஏழு வருஷமா கேக்கல. இப்பவும் கேக்கல. ஆனா மூணாவது பிரிவுக்குக் கீழ பிரிவே இல்லம்மா."

"இருக்கு. நாலாவது" என்றாள் நோரீன், குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுல மட்டையப் பிடிக்கத் தெரிஞ்சா போதும்னு எடுக்குறாங்க" என்றார் மைல்ஸ்.

பிப்ரவரியில் முதல் ஆட்டத்திலேயே குரல் கம்மியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் பாதி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் பனி என்றார்கள், ஒலிபெருக்கிக் கோளாறு என்றுகூட ஒருவர் சொன்னார். நோரீனுக்குத் தெரியும். உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு பருவமும் முடியும்போது ஜெரோமுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிடும். மூன்று வாரம் சமையலறையில் உட்கார்ந்து, வேண்டியதைப் பழைய உறைகளின் முதுகில் எழுதிக் காட்டுவார்: உப்பு, இன்னும் கொஞ்சம் தேநீர், நாயை உள்ளே விடு. அந்த மூன்று வாரத்தில்தான் தொண்டை ஆறும். இறந்த பிறகு அவருக்கு ஆட்டம் மட்டுமே இருக்கிறது, இடையில் அந்த மூன்று வாரம் இல்லை. ஒரு கடைசி விசிலுக்கும் அடுத்த முதல் விசிலுக்கும் நடுவே அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை என்பது ஏழு வருடமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது ஆட்டத்தில், பந்து வெளியே போய் எல்லோரும் சும்மா நின்ற ஒரு கணத்தில், குரல் யாரையும் கூப்பிடாமல், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டது: "யாராவது வர்றாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாற்று ஆளைக் கேட்கிறார் என்று நினைத்த ஒரு பையன் எழுந்து காலை உதறத் தொடங்கினான். நோரீன் பதினோரு வீடுகளையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

வியாழக்கிழமை அவள் ஃபின்டன் லாலியின் வீட்டுக்குப் போனாள். ஃபின்டன் ஒரு காலத்தில் கோல் காவலர். ஒரு இறுதி ஆட்டத்தின் காலையில் ஜெரோம் அவரை வெளியே உட்காரவைத்தார், காரணம் சொல்லவில்லை. நான்கு வருடம் முன்பு அவர்கள் இரண்டாவது தடவை போனபோது, மற்ற பத்துப் பேரும் அந்த மனுஷன் நிற்கும் இடத்தில் நான் எப்படி நிற்பேன் என்று உருகியதுபோல அவர் உருகவில்லை. செத்தவர் பேசி முடித்ததும் சொல்லி அனுப்புங்கள் என்றார். அதனால்தான் இப்போது அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

கதவைத் திறந்தவர் வேலைச் சட்டையில் இருந்தார், சவரம் செய்திருக்கவில்லை.

"நாலு வருஷம் ஆச்சு, மிஸஸ் ஹெகர்ட்டி."

"பாலத்துக்கிட்ட ரோடு போடுறாங்க. சுத்திக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு."

"பெரிய சுத்துதான்" என்று அவர் வழிவிட்டார்.

தேநீர் வந்தது. உருளைக்கிழங்கு பற்றிப் பேசினார்கள். இரண்டு கன்று செத்ததைப் பற்றிப் பேசினார்கள். ஃபின்டனின் மனைவி மேசைமேல் கேக்கை வைத்துவிட்டு, இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல், துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் விதியை உடைத்தது ஃபின்டன்தான்.

"எனக்கு அவரைப் பிடிக்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"கடைசிவரைக்கும் ஏன்னு சொல்லல மனுஷன்."

"எங்கிட்டயும் சொல்லல ஃபின்டன். நான் கேட்டேன்."

"நான் போய் நின்னு, அதுக்கப்புறம் அவர் பேசலேன்னா? நாளைக்கு ரோட்ல என்னப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

நோரீன் கோப்பையைத் தட்டில் வைத்தாள். "அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சுப்பா" என்றாள்.

அவர் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு வாசல்வரை நடந்தார். தூறிக்கொண்டிருந்தது. கார் கதவைத் திறந்து பிடித்தபடி, "பாத்துப் போங்க நோரீன்" என்றார்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு சொந்த மைதானத்தில் ஆட்டம். செய்தி பரவியிருந்ததால் கூட்டம் அதிகம். காத்திருந்து சலித்த மற்ற பத்துப் பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள், தனித்தனியாக நின்றார்கள். ஃபின்டன் இரண்டடி தள்ளி நிற்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பெஞ்சுக்கு இடப்புறம் ஐந்தடி அளந்து, அந்த இடத்திலேயே போய் நின்றார். நடுவர் பந்தை எறிந்ததும் அவர் நெஞ்சுக்கு நேராக, அவருடையதல்லாத அந்தக் கரகரத்த குரல் தொடங்கியது. முதல் பாதி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை, பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்பவர்போலத் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரம் கழித்து நடுத் தடுப்பில் ஒரு பந்து நழுவியது. "டொனகா" என்றது குரல். கத்த முடியவில்லை. "டொனகா."

"அவன் பேரு கியன்" என்றார் ஃபின்டன். சண்டைக்குச் சொல்வதுபோல அல்ல, புதிதாக வந்தவருக்கு விவரம் சொல்வதுபோல.

குரல் நின்றது. பந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"கியனா?" என்றது.

"கியன். போன வருஷந்தான் வந்தான். நல்ல பையன். இடது கைப்பக்கம் கொஞ்சம் வீக்கு."

"சரி" என்றார் ஜெரோம்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஃபின்டன் இரண்டொரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் சொந்தக் குரலில் கியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தன் பெயரைக் கேட்டுப் பழக்கமில்லாத கியன் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாயிற்று. நான்கு புள்ளியில் தோற்றார்கள்.

அன்று மாலை ஊரார் ஆப்பிள் டார்ட்டும் சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு நோரீன் வீட்டுக்கு வந்தார்கள். ஏழு வருடம் முன்பு வந்ததுபோலவே வரிசையில் நின்று கை குலுக்கி, "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறோம்" என்று சொன்னார்கள். இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மைல்ஸ் பாத்திரம் கழுவினார். வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை எதையும் அவர் சொல்லாததால் பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பயந்தார்கள். எல்லோரும் போன பிறகு அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். ஏழு வருடமாக ஞாயிறு முடிந்ததும் அடுத்த ஞாயிறுக்கு நாள் எண்ணும் பழக்கம் இருந்தது. அன்று ஒன்று என்று தொடங்கி, அங்கேயே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கிளப் பிரதிநிதிகள் கூடி, ஃபின்டன் லாலியின் நியமனத்தை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். குறிப்பேட்டில் நோரீன் இரண்டு வரி எழுதினாள்: ஜெரோம் ஹெகர்ட்டி மார்ச் இரண்டாம் ஞாயிறு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பொறுப்பை ஒப்படைத்தார். குழு அவருக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறது. வாசித்துக் காட்டினாள். திருத்தம் உண்டா என்று டோனல் கேட்டார். யாரும் திருத்தம் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் அணி மூன்றாம் பிரிவிலேயே தங்கியது, அதற்கடுத்த வருடமும். நோரீன் இன்றும் ஆட்டத்துக்குப் போகிறாள், இருநூறு கிலோமீட்டர் என்றால் போவதில்லை. சொந்த மைதானத்தில் இப்போது அவள் உட்காருவது ஆற்றுப்பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், அங்கிருக்கும் வலை தாழ்வானது. அதை உயர்த்தக் குழு எப்போதோ தீர்மானம் போட்டது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பந்தாவது அதைத் தாண்டி ஆற்றில் விழுந்து போய்விடுகிறது.