அம்மன் கண்ணுக்கு ஒரு நூல் பிட்

விஜயகலாவுக்குத் தலைக்கனம் என்று ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் சொல்லாத ஆள் கிடையாது. இருக்கட்டுமே. கேகாலையில் மக்கீன் முதலாளியின் தளபாடப் பட்டறைக்குப் பலகை தேய்க்கப் போனவள், கொஞ்ச வருடத்தில் பலகையில் சித்திரம் குடையும் ரவுட்டர் மெஷினுக்கே பாஸ் ஆகிவிட்டாள். மெஷினில் மாட்டும் வெட்டு அலகுகளான பிட்டுகளில் எது எந்தப் பலகைக்கு ஆகும், எது ஆகாது என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் மூத்த சிங்களத் தச்சு பாஸ்மாரே சுவிட்சைப் போடுவார்கள். அவளுக்குத் தலை கனக்காமல் வேறு யாருக்குக் கனக்கும்?

அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கீழ்க்கணக்கும் தனிச் சப்பரம் கட்டுவது என்று முடிவானது. அதுவரை மேற்கணக்கின் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து போனவர்கள் அவர்கள். மேற்கணக்குக்காரர்கள் சோடனையை நகரத்தில் வாடகைக்கு எடுத்து வருவார்கள். எடுத்து வந்துவிட்டு வருடம் முழுக்க அதையே பேசுவார்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் விஜயகலா எழுந்து நின்றாள்.

"வாடகச் சோடன நமக்கு எதுக்குங்க? அம்மன் மொகத்த நான் பிளைவூட்ல வெட்டித் தாரேன். பின்னால லைட்டப் போட்டா கிரீடம், நகை, கண்ணு எல்லாம் வெளிச்சமாத் தெரியும்."

சொல்லிவிட்டாள். இனி வெட்டிக் கொடுக்காவிட்டால் லயத்து வரிசை வீடுகள் பக்கம் தலைகாட்ட முடியாது. அவள் அம்மா மூக்காயி பக்கத்திலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை.

பூசாரி அழகமுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காலையில் அவரும் எல்லோரையும் போல ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்தான். ஆனால் குளித்து விபூதி பூசிவிட்டால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. "எல்லாத்தையும் நீ வெட்டு தாயி. கண்ண மட்டும் தொடாத. கண்ணு கடைசியிலதான் தெறக்கணும். அதுவும் பூசாரி கையாலதான். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

அங்கேதான் தப்பு நடந்தது. சாமி விஷயம் என்பதால் மட்டுமே நடந்த தப்பு. மெஷின் வேலையில் நுணுக்கமானதை முதலில் வெட்ட வேண்டும், பலகை முழுசாக, கெட்டியாக இருக்கும்போதே. இது விஜயகலாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் அம்மனிடம் பட்டறைப் புத்தியைக் காட்டக் கூடாது என்று பயந்து, கிரீடம், கொண்டைப் பூ, மூக்குத்தி, அட்டிகை எல்லாவற்றையும் வெட்டி முடித்து, கண்ணைக் கடைசிக்கு வைத்தாள். அதற்குள் பலகை சல்லடையாகிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்த அழகமுத்து, உளி எப்படி இறங்குகிறது பார்ப்போம் என்று கண்ணோரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அம்மனின் மூக்கு இரண்டாகப் பிளந்தது.

அவர் முகம் வெளிறிவிட்டது. "அபசகுனம். நாமளும் வாடகைக்கே எடுத்துருவோம்" என்றார்.

விஜயகலாவுக்கு அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது. "சகுனம் இல்லைங்க. வரிசைதான் பெசகு. கண்ண மொதல்ல வெட்டியிருக்கணும்."

"மொதல்ல வெட்டுனா மொறை கெட்டுப் போயிரும்."

"மொறையும் கெடாது, பலகையும் ஒடையாது. எனக்கு இன்னொரு பலகை குடுங்க."

மக்கீன் முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் புதுப் பலகை ஒன்றை இழுத்து வந்து மேசையில் போட்டார். "வெட்டு புள்ள. இங்க ஒடஞ்சது இங்கயே சரியாகட்டும்."

விஜயகலா பிட்டுகளைத் துணியில் பரப்பினாள். பட்டறையில் சுழல் பிட்டுகள் இரண்டு சாதி: ஏத்துப் பிட், எறக்குப் பிட். எறக்குப் பிட் மரத்தைக் கீழ்நோக்கி அமுக்கி வெட்டும். பிளைவூட்டின் மேல்தோல் பிசிராமல் கத்தரித்த மாதிரி வரும். ஏத்துப் பிட் தூளை மேலே அள்ளிக்கொண்டு வரும். வேகம் உண்டு, ஆனால் மேல்தோலைப் பிய்த்துவிடும். அதனால் சித்திர வேலைக்கு எறக்குப் பிட்டைத்தான் எடுப்பார்கள். அவளும் முதல் பலகைக்கு அதைத்தான் எடுத்தாள்.

இந்த முறை பலகையைக் குப்புறப் போட்டாள். முகம் கீழே, முதுகு மேலே. கண்ணைப் பின்பக்கத்திலிருந்து குடைந்து, முன்பக்கத்து மெல்லிய தோலை மட்டும் விட்டுவிட வேண்டும். கண் உள்ளே வெட்டியிருக்கும், வெளியே மூடியிருக்கும். அதுதான் அவள் கணக்கு. இங்கே எறக்குப் பிட்டைப் போட்டால் தூள் குழிக்குள்ளேயே அடைந்து, சூடேறி, மிஞ்சிய தோலைக் கருக்கிவிடும். முதுகுப் பக்கம் பிசிர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலக் கனத்து ஏத்துப் பிட்டை எடுத்து மாட்டினாள்.

"சித்திரத்துக்கு ஏத்துப் பிட்டா?" என்றார் மக்கீன்.

"கண்ணுக்கு மட்டும், மொதலாளி."

துண்டுப் பலகையில் ஆழத்தைச் சோதித்து, திருகை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். கொஞ்சம் ஆழம் கூடினாலும் தோல் போய்விடும். அதோடு அவள் வாக்கும் போய்விடும். வரைந்த கோட்டிலேயே கை போனது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பெருமைதான். இரண்டு கண்ணும் முடிந்த பிறகு பலகையைத் திருப்பி, எறக்குப் பிட்டை மாட்டி, மற்றதையெல்லாம் முன்பக்கத்திலிருந்து வெட்டினாள். ஒரு பூவிதழ்கூடப் பிசிரவில்லை.

வேலை முடிந்ததும் அழகமுத்து குனிந்து பார்த்தார். "கண்ணு எங்க தாயி?"

"இருக்குங்க. மூடியிருக்கு." பலகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். தோலுக்குப் பின்னால் இரண்டு கண்களும் மங்கலாகச் சிவந்து தெரிந்தன. "உளி வேணாங்க. கோயில்ல வச்சு ஊசியால கீறுங்க, போதும்."

அவர் இரண்டு கண்ணையும் உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம். கோயில் முன்னால் இரண்டு கணக்குச் சனமும் கூடியிருந்தது. சப்பரத்தில் விளக்கு எரிந்தது. கிரீடமும் நகையும் மின்னின. முகம் மட்டும் கண்மூடி இருந்தது. அழகமுத்து வெள்ளி ஊசியால் தோலைக் கண்ணின் கோடு பிடித்துக் கீறி எடுத்தார். இடது கண்ணிலிருந்து வெளிச்சம் பளிச்சென்று அவர் முகத்தில் அடித்தது. பிறகு வலது கண். மேளக்காரர்கள் அடிக்க மறந்து நின்றார்கள். மேற்கணக்குத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதைக் கீழ்க்கணக்கு முழுக்கப் பார்த்தது.

வழக்கப்படி முதல் விபூதி கமிட்டித் தலைவருக்குத்தான். அழகமுத்து தட்டோடு அவரைத் தாண்டி, பெண்கள் நின்ற பக்கம் வந்தார். "நான் தோலத்தான் கீறுனேன். அம்மன் கண்ண வெட்டுனது இந்தப் புள்ள" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, விஜயகலாவின் நெற்றியில் பட்டையாகப் பூசினார்.

விஜயகலா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கமிட்டிக் கூட்டத்தில் சேலையை இழுத்த மூக்காயிக்குத்தான் இப்போது வாய் வந்தது. மேற்கணக்குப் பெண்கள் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, "எம் மவ" என்றாள்.