ஜெரோமின் இரைச்சல்

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜெரோமிடம் சத்தம் இல்லை. பேசுகிறான், வாய் அசைகிறது, ஒன்றும் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தான். அது விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் இருளிசை என்று ஒரு வகை இசை பண்ணுகிறோம். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. காலி உப்புக் கிடங்கின் உறுமல், துறைமுகத்துச் சங்கொலியை இழுத்து நீட்டியது, அவ்வளவுதான். கேட்பவர்கள் எல்லோரும் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் கேட்பார்கள்.

எந்தப் பதிவுக்கும் முன்னால் வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வோம். அந்த இரைச்சலை லேப்டாப்புக்குக் காட்டி, இதை எல்லா இடத்திலும் எடுத்துவிடு என்போம். எடுத்துவிடும். இந்த முறை அறையைப் பதிவு செய்தபோது ஜெரோம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். நான் கவனிக்கவில்லை. லேப்டாப் அவனையும் எடுத்துவிட்டது. எல்லா இடத்திலும் என்றால் எல்லா இடத்திலும்தான்.

அவன் மனைவி எஸ்தர் என்னைத்தான் பிடித்தாள்.

"அவரு பாடலன்னா புள்ள ஒறங்க மாட்டேங்கு. ராவெல்லாம் முழிச்சிருக்கு. என்ன செய்வீங்களோ தெரியாது, எனக்கு அவரு சத்தம் வேணும்ண்ணே."

மூவரும் ஒலி மீட்பு அலுவலகத்துக்குப் போனோம். நடக்க நடக்க நடைபாதை நீண்டுகொண்டே போனது. எஸ்தர் கடுப்பாகித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடனே கவுண்டர் வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் காத்திருந்தது. அதற்கு ரீங்காரம் போய்விட்டதாம். அதை மட்டும் உடனே கவனித்து அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் டிரான்ஸ்பார்மருக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்கு இல்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருக்கு?"

"இவனுக்கு."

"அவரையே சொல்லச் சொல்லுங்க."

"அதாம்மா முடியல."

"அப்ப ஆள் வரல. ஆள் வந்தப்பறம் வாங்க."

"இந்தா நிக்கானே, தெரியலயா?"

"கண்ணுக்குத் தெரியுதவங்க எல்லாம் மாடியில."

மாடிக்குப் போனோம். அங்கேயும் அதே அம்மாள்தான் இருந்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டிக்கொண்டேன். சத்தம் போடக்கூடாது என்றார். நடந்ததைச் சொன்னதும் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

"எடுத்ததத் திருப்பிப் போடுங்க. வேற வழி இல்ல."

எடுத்த இரைச்சலைப் பதிவில் திரும்பச் சேர்த்தால் ஆளுக்கும் சத்தம் வந்துவிடும். ஆனால் பதிவு கெட்டுப்போகும். ஒரு வருட உழைப்பு. எஸ்தர் பார்த்த பார்வையில் அங்கேயே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

சேர்த்தேன். உப்புக் கிடங்கின் உறுமலுக்கு நடுவே நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒரு இருமல். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏய், நிறுத்துல," என்றான் ஜெரோம். அவன் குரலேதான். "யாருல அது இருமுதது?"

"நீதாம்ல."

"நான் அப்படியெல்லாம் இரும மாட்டேன். எடு அத."

"எடுத்தா மறுபடி நீ போயிருவல!"

"எவ்வளவு நல்ல ரெக்கார்டிங். பாழாக்கிட்டியேல. எடுன்னு சொல்லுதேன்ல!"

"வேண்டாம்ண்ணே," என்றாள் எஸ்தர்.

அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆத்திரம். உறுமல் அப்படியே அடங்கி அடிக்குப் போகிற இடத்தில் அந்த இருமல் விழுந்தது. இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். சகிக்கவில்லை.

எடுத்தேன்.

பதிவு சுத்தமாக இருந்தது. ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். நிறையச் சொன்னான்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் எஸ்தர்.

"நல்லாருக்காம்," என்றேன்.