முழங்கால் ஆழம்

மண்வெட்டியில் அப்பியிருந்த களிமண்ணைக் காலால் வழித்துக்கொண்டிருந்த இனியா, கேட் திறக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். குமாரபாளையத்திலிருந்து மாமனாரின் அக்கா பாவாயி வந்திருந்தாள். கையில் பையோடு அங்கேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை குழியை விட்டு நகரவில்லை.

"ஏனம்மிணி, என்ன காரியம் பண்ணிட்டிருக்கற?"

"வாங்க பெரியம்மா."

"உள்ள ஒரு மனுசன் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கறான். நீ ஊட்டு முன்னால குழி வெட்டிட்டு நிக்கற. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

இனியாவுக்கு முகம் சுட்டது. இது இப்படியும் கண்ணில் படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மழைத் தண்ணிக்குங்க," என்றாள் மெதுவாக.

சங்ககிரியில் அந்தத் தெருவுக்கு ரோடு போடப் போட, ரோடு மேலே போனது. மாமனார் காத்தான் லாரி ஓட்டிச் சேர்த்துக் கட்டிய வீடு பள்ளத்துக்கு வந்தது. போன ஐப்பசியில் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் வாசல் வழியாகப் புகுந்து அவர் கட்டிலுக்கடியில் நின்றது. அப்போது அவரால் எழுந்து திட்டிக்கொண்டாவது நிற்க முடிந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வானம் கறுப்பதும் கலைவதுமாக இருந்தது.

இனியா வேலை பார்க்கும் கல்லூரியில், கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மழைத்தோட்டம் போட்டிருந்தார்கள். சுவரை விட்டுத் தள்ளி அகலமாகப் பள்ளம் எடுத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து போட்டு, வெயிலையும் ஈரத்தையும் தாங்கும் செடிகளாக நட்டது. ஓடிவரும் தண்ணீர் அதில் நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அவளும் கணவன் அறிவும் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் இடத்தில் போடக் கூழாங்கல் வாங்க அறிவு போயிருந்தான்.

"சாமி..." உள்ளேயிருந்து காத்தானின் குரல் வந்தது. மருமகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

இருவரும் ஓடினார்கள். அவர் கண் திறந்திருந்தார்.

"மம்மட்டிச் சத்தம் கேட்டுதே?"

"குழி வெட்டறனுங்க மாமா."

"எனக்கா?"

பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் உதட்டோரம் லேசாகக் கோணியதைப் பார்த்த பிறகுதான் இனியாவுக்கு மூச்சு வந்தது.

"தண்ணிக்குங்க மாமா. ரோட்டுத் தண்ணி உள்ள வராம இருக்கறதுக்கு."

"ஆழமா வெட்டு."

"ஆழம் வேண்டாமுங்க. முழங்கால் அளவு இருந்தாப் போதும். அகலந்தான் வேணும்."

"அப்ப எனக்குப் பத்தாது," என்றார் காத்தான். சிரிக்கப் போய் இருமல் வந்தது. இனியா அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள். இருமல் அடங்கியதும் சொன்னார்: "எல்லாரும் குசுகுசுன்னே பேசறாங்க. நீ போய் வெட்டு சாமி. சத்தம் கேக்கட்டும்."

பாவாயி தம்பியின் காலருகே உட்கார்ந்தாள். இனியா வெளியே போய் மண்வெட்டியை எடுத்தாள். முதல் வெட்டை மட்டும் மெதுவாகப் போட்டாள். அப்புறம் எப்போதும்போல் வெட்டினாள்.

அறிவு கல்லோடு வந்து சேர்ந்தான். மத்தியானத்துக்குமேல் இருவரும் செடி நடத் தொடங்கினார்கள். கல்வாழையை நட்டு, பாதி வெட்டிவேரும் நட்டிருப்பார்கள்.

"அறிவு! ரெண்டு பேரும் வாங்க சாமி!" உள்ளேயிருந்து பாவாயி கூப்பிட்டாள்.

அவர்கள் போனபோது மூச்சு நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. அறிவு பால் ஊற்றினான். பாவாயி கரண்டியை இனியாவிடம் நீட்டினாள்.

"கையெல்லாம் மண்ணுங்க..."

"கெடக்குது. ஊத்து."

ஊற்றினாள். வழிந்த பாலைத் துடைத்தபோது அவர் தாடையில் சேறு ஒரு கோடாகப் பதிந்தது. அடுத்த மூச்சுக்காக மூவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. பாவாயி தம்பியின் கண்களை மூடினாள். தாடையிலிருந்த மண்ணை அவள் துடைக்கவில்லை.

மறுநாள் பந்தல் போட வந்த வேல்முருகன் வாசலைச் சுற்றிப் பார்த்தான். "இந்தக் குழிய மூடிட்டா நாப்பது சேர் போடலாமுங்க. ரெண்டு கூடை மண்ணு அள்ளிக் கொட்டுனா..."

எது சொன்னாலும் தலையாட்டும் நிலையில் அறிவு இருந்தான். அதற்குள் உள்ளேயிருந்து பாவாயி வந்துவிட்டாள்.

"அதுல கை வெக்காதீங்க. சேரெல்லாம் ரோட்டுல போடுங்க. வர்ற ஒறம்பரைங்க அங்க உக்காந்துக்குவாங்க."

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். இனியா வெளியே வந்தாள். மிச்ச வெட்டிவேர் நாற்றுகள் பைக்குள்ளேயே துவண்டு கிடந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை, நாலாவது செடியிலோ ஐந்தாவது செடியிலோ வந்தது. வாளியோடு வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மழை, சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று பிடித்தது. காவிரியிலிருந்து திரும்பியவர்கள் சாப்பிட்டு, ஆளுக்கொரு பாயை விரித்துச் சாய்ந்திருந்தார்கள். அறிவும் இனியாவும் வாசல்படியில் நின்றார்கள். ரோட்டிலிருந்து செந்நிறத் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. கூழாங்கல்லில் மோதி வேகம் குறைந்து, பள்ளத்தில் பரவியது. வெட்டிவேர் பாதிவரை முங்கியது. நிரம்பி மிஞ்சியது மறுபக்க வாய்க்கால் வழியே சாக்கடைக்குப் போனது. படியை நோக்கி ஒரு சொட்டும் வரவில்லை.

"அப்பா பாத்திருக்கலாம்," என்றான் அறிவு.

இனியா உள்ளே போனாள்.

முன்னறைத் தரை முழுக்க ஆட்கள் படுத்திருந்தார்கள். கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் பாவாயி, பாயிலிருந்து பாதி உருண்டு, வெறுந்தரையில் கன்னம் பதிய அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை கொட்டியது. யாரும் அசையவில்லை. கால்களுக்கு நடுவே இடம் பார்த்து நடந்துபோய், இனியா அவர்களுக்குக் குளிராமல் மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்தாள்.