கால் ஊன்றாத ஏழு நாள்

ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல், கால் தரையில் படாமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால், புத்தியுள்ள ஊர் அவனைத் தை மாதத்தில் வா என்று திருப்பி அனுப்பும். வைத்திக்குப்பத்தார் கத்திரி வெயிலில் வரச் சொன்னார்கள். மீன்பாடு குறைந்த சமயம். ஆம்பிளைகள் வலையைக் கிழித்துக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த திடலில் செம்மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து வட்டமாகப் பாதை அமைத்தார்கள். சுற்றிலும் கயிறு, நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒலிபெருக்கி. மைக்கைப் பிடித்தவர் தணிகாசலம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். குப்பத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், என்றால் அவர்தான். "மெஸ்ஸியே, மதாம்" என்று ஆரம்பித்துத் தமிழில் வந்து இறங்குவார். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறு வருஷம் ஆகியும் அந்தச் சேதியை அவர் நாக்குக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

வந்தவன் பெயர் வீரர் ராமதாஸ் என்று சொல்தா அறிவித்தார். போன மார்கழியில் ஊட்டியில் ஏழு நாள் ஓட்டியவர். விடியும்போது புல்லின்மேல் பனி உப்புப் பூத்த மாதிரி கிடக்குமாம், விரல் விறைத்துப் போய்க் கைப்பிடியை விட்டு வராதாம், ஓரத்தில் கரிச்சட்டி வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒரு தரம் கையை நீட்டிக் காய்ச்சிக்கொள்வாராம். குளிரை ஜெயித்தவர் இப்போது வெயிலை ஜெயிக்க வந்திருக்கிறார் என்று சொல்தா முழங்கியபோது கூட்டம் கை தட்டியது. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள்மேலேயே. தூக்கமும் அதன்மேல்தான், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் தூங்குவான் என்றார்கள். மற்றக் காரியங்களைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு யூகம் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏறினான். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் இறங்க வேண்டும்.

அஞ்சலாட்சி முதல் மூன்று நாளும் அந்தப் பக்கமே போகவில்லை. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மூலக்குளம்வரை நடந்து, விற்றுவிட்டுத் திரும்பும்போது கால் இரண்டும் வெந்திருக்கும். வேடிக்கை பார்க்கத் தெம்பு இருக்காது. அவள் புருஷன் மாரியப்பன்தான் திடலே கதி என்று கிடந்தான். கமிட்டியில் அவனும் ஒருவன், கம்பம் நட்டதே அவன்தான். தினம் சாயங்காலம் வீரருக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிற பெருமையும் அவனுடையது. வீட்டுக்கு வந்து ஒன்றரை வயசு சின்னப்பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வட்டமடிப்பான். "வீரன் வர்றாம்பாரு" என்பான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டு முறை வந்தது. உச்சி வெயிலில் தரை கொதித்து டியூப் வெடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அதனால் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை முறை வைத்துப் பாதையை நனைக்க வேண்டும், வீரன் வரும்போது சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் ஒரு குடம் வீச வேண்டும். அஞ்சலாட்சியோடு பக்கத்து வீட்டு ராஜாம்பாளும் வரவேண்டியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டாள்.

திடலில் ஈ காக்கை இல்லை. சொல்தா பந்தலுக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தலையில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக அந்த மனிதன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி பீப்பாயில் முகந்து பாதையில் வீசினாள். செம்மண் புஸ்ஸென்று ஆவி விட்டது. அடுத்த சுற்றில் சக்கரத்துக்கு ஊற்றினாள். அதற்கடுத்த சுற்றில் அவன் முகத்துக்கு என்று கை காட்டி, கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தான்.

குடம் கையில் அப்படியே நின்றது. அவள் முதல் புருஷன் அது. பாவாடை என்பதுதான் அவன் நிஜப் பெயர்.

எட்டு வருஷத்துக்கு முன் நல்லவாட்டுக் கரையிலிருந்து கட்டுமரத்தில் போனவன். கல்யாணமும் அங்கேதான் நடந்தது, வைத்திக்குப்பத்தில் அவன் முகம் தெரிந்தவர்கள் இல்லை. மரம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, ஆள் வரவில்லை. நாற்பது நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பெரியவர்கள் வைக்கோலில் ஓர் ஆள் செய்து, அவன் வேட்டியைச் சுற்றி, கரையில் வைத்துக் கொளுத்தினார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு அதுதான் வழி. தாலியைக் கழற்றிக் கடலில் போட்டார்கள். தாய் வீடான வைத்திக்குப்பத்துக்கு வந்து நான்கு வருஷம் கழித்து மாரியப்பன் பெண் கேட்டபோது, பஞ்சாயத்து கேட்டது ஒரே கேள்வி. முதல் புருஷனுக்குக் கருமாதி முடிந்ததா? முடிந்தது என்றாள். அந்த ஒரு வார்த்தையின்மேல்தான் அவள் குடும்பம் நின்றது, பிள்ளை நின்றது.

"அஞ்சல" என்றான் அவன். அதற்குள் சைக்கிள் அவனைக் கொண்டுபோய்விட்டது.

பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்கள். இவனுக்கும் படவில்லை. அவளுக்கு அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டு, பல் கிட்டிக்கொண்டது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள். சுற்றி வருகிறவனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்ப் பக்கம் போய்விட்டான், திரும்பினான், வந்துவிட்டான்.

"செத்துட்டன்னு தல முழுவிட்டேன்யா" என்றாள்.

அவன் பதில் அடுத்த சுற்றில் வந்தது. பாய்மரப் படகுக்காரன் ஒருத்தன் தூக்கிப் போட்டு நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டானாம். அதற்கடுத்த சுற்றில், பத்து நாள் காய்ச்சலில் கிடந்தானாம். அப்புறம் ஏன் வரவில்லை என்று அவள் கேட்க, அவன் ஒரு சுற்று முழுவதும் யோசித்துவிட்டு வந்தான்.

"அங்க ஒருத்தன் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தான். நின்னு பாத்தேன். அவங்கூடவே போயிட்டேன்."

அவ்வளவுதான். எட்டு வருஷத்துக்கு அவன் சொன்ன கணக்கு அவ்வளவுதான். ஜெயில் என்றிருந்தால் அழுதிருப்பாள். வியாதி என்றிருந்தால் மன்னித்திருப்பாள். இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டேன் என்றிருந்தால்கூடக் காறித் துப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். ஒரு சைக்கிளுக்காகவா நாற்பது நாள் கரையில் உட்கார்ந்தோம் என்று வயிறு எரிந்தது. அடுத்த சுற்றில் குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்தே வீசினாள். அவன் அதைக் குளிர்ச்சிக்கு என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். பழைய சிரிப்பு. அதைக் கண்டு அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, ஏனென்றால் நெஞ்சு ஒரு கணம் அதற்கு இளகிவிட்டது.

"திங்கக்கெழம எறங்கினதும் நம்ம வூட்டுக்கு வர்றேன்" என்றான்.

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் வருவதற்குள் வார்த்தையைக் கோர்த்து வைத்துக்கொண்டாள்.

"அது நம்ம வூடு இல்ல. உன்னக் குளிப்பாட்டுறாரே மாரியப்பன், அவரு வூடு. ஒரு பொண்ணு இருக்குது எனக்கு."

அந்தச் சுற்றைப்போல நீளமான சுற்று ஒன்றை அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தான். அவளைக் கடந்து போனான். அவள் கயிற்றோரமாகக் கூடவே நான்கடி ஓடினாள்.

"நீ இன்னாருன்னு வெளிய தெரிஞ்சா எங் குடும்பம் போச்சு. எறங்கினதும் யாருகிட்டயும் சொல்லாம போயிடுய்யா."

இரண்டு சுற்று கழித்து, "பொண்ணு பேரு என்னா?" என்று கேட்டான். சின்னப்பாப்பா என்றாள். அதற்குள் ராஜாம்பாள் குடத்தோடு வந்து, என்னடி வீரனோடு ஓட்டப்பந்தயமா என்று கேலி செய்தாள். போகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த மூன்று நாளும் வெயில் ஊரைப் பிழிந்து காயப்போட்டது. கோயில் வேம்பிலிருந்து ஒரு காக்கை செத்து விழுந்தது. கைப்பிடி சுட்டு அவன் உள்ளங்கை கொப்பளித்து, ஈரத்துணி சுற்றி ஓட்டினான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். உயிரோடு விளையாட வேண்டாம், இறக்கிவிடலாம் என்று சொல்தாவே பயந்தார். குளிருக்காவது போர்த்திக்கொள்ளலாம், வெயிலுக்கு எதை உரிப்பது என்று அவனே சொன்னானாம், ஆனாலும் இறங்க மாட்டேன் என்றுவிட்டானாம். அதைக் கேட்டபோது அஞ்சலாட்சியின் மனசுக்குள் ஒரு நினைப்பு எழுந்தது. இவன் இப்படியே சுருண்டு விழுந்து போய்விட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். ஒருதரம் கொளுத்தினது போதாதென்று இன்னொரு தரம் கொளுத்தப் பார்க்கிறாயா, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் மாரியப்பன். அவனிடம்தான் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே மாரியப்பன் சொன்னான். நாளைக்கு வீரன் இறங்கும்போது ஆலம் சுற்ற ஒரு சுமங்கலி வேண்டுமாம், கமிட்டியில் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறானாம். வேறு யாராவது செய்யட்டுமே என்றாள். இல்லை, நீதான் என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை சாயங்காலம் திடலில் கால் வைக்க இடமில்லை. தவளக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மேளம், மாலை, சரவெடி. பெண்கள் நுழைவதற்காகக் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்து விட்டிருந்தார்கள். அஞ்சலாட்சி ஆலத்தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு அங்கே நின்றாள். கூட்டத்தின் முன்வரிசையில் மாரியப்பன், தோளில் பிள்ளை. இன்னும் சற்று நேரத்தில் அந்தக் கால் தரையில் படும். பட்டதும் அந்த வாய் என்ன சொல்லும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"மெஸ்ஸியே, மதாம், கடைசிச் சுற்று" என்றார் சொல்தா.

அவன் மெல்ல வந்தான். கறுத்துச் சுருங்கி, உதடு வெடித்து, பாதி ஆளாகிவிட்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்து நிறுத்த நாலு பேர் தயாராக நின்றார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். அவளைப் பார்த்தான். மாரியப்பன் தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். பிறகு மணியை ஓங்கி அடித்துக்கொண்டு, அவளுக்கும் நாலு பேருக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்து, அவிழ்த்த கயிற்றைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

ஜனங்கள் திகைத்து, பின்பு கை தட்டினார்கள். வீரர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார் என்று சொல்தா சமாளித்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது. இரண்டு பையன்கள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, வில்லியனூர் ரோட்டில் போனதாகச் சொன்னார்கள். விளக்கு வைக்கும்வரை மாலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. பைத்தியக்காரன் என்றார்கள் சிலர், வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள் சிலர்.

அஞ்சலாட்சிக்கு மூச்சு திரும்பியது. தப்பித்தோம் என்று நினைத்தாள். உடனே அழுகை வந்தது. போ என்று சொன்னது அவள்தான். சொன்ன பேச்சைக் கேட்டுக் கால்கூட ஊன்றாமல் போகிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லையே.

வீட்டுக்கு நடக்கும்போது மாரியப்பன் பிள்ளையைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டான்.

"நீதான் போவச் சொன்னியா?"

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்கு மோர் எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்தானாம். சைக்கிள் கூடவே அவள் ஓடியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டானாம். மறுநாள் குளிப்பாட்டும்போது வீரனிடமே கேட்டானாம். அவன் மறைக்கவில்லையாம்.

"நீ என்னா சொன்ன அவருகிட்ட?" என்று கேட்டாள்.

"எறங்கினதும் வூட்டுக்கு வான்னேன். உங்கூட வர்றேன்னு அவ சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்னேன். அதுக்குத்தான் ஆலம் சுத்த உன் பேரச் சொன்னேன். நேருக்கு நேரா பாத்து ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கட்டும்னு."

நாலு நாள். ஒரே கூரை, ஒரே பானைச் சோறு. அவள் ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்தாள், இவன் ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு வந்த கோபத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "நாலு நாளா ஏன்யா கேக்கல?"

மாரியப்பன் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நீ அவருகூட போறேன்னு சொல்லிட்டா?" என்றான்.